சில்லு உள்ளே, சப்பாத்து வெளியே

என் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது ஒரு வெள்ளிக்கிழமை காலை. பெருங்காயம் வாங்கப் போய்த்தான் போனது. இதைச் சொன்னால் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்புகிறார்கள். சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

ரூர் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஒரு நகரத்தில் இருபத்தாறு வருடங்களாக இருக்கிறேன். நகரத்தின் பெயரையும் கோயிலின் பெயரையும் எழுதப்போவதில்லை. எழுதினால் முதலில் என் கணவருக்குத்தான் ரெலிபோன் வரும். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் எனக்கு வேலை. வெள்ளிக்கிழமைகளில் அங்கே லீவு. அன்று எங்கள் கோயிலில் மத்தியான அன்னதானத்துக்குச் சமைப்பேன். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் கிடையாது. முன்பு தரைக்கம்பளம் விற்ற ஒரு பெரிய கொட்டகையை வாங்கி, உள்ளே மாபிள் பதித்துச் சாமியை வைத்திருக்கிறார்கள். பின்பக்கம் அடுப்படி. அந்த அடுப்படியை நானும் என் சினேகிதியும் பதினான்கு வருடம் நடத்தினோம். அவள் என்னைவிட மூன்று வயது இளையவள், கோயில் நிர்வாகசபைத் தலைவரின் மனைவி. மரக்கறி அவளுடையது, அடுப்பு என்னுடையது. யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. அப்படியே அமைந்துவிட்டது.

அன்று பெருங்காயம் முடிந்திருந்தது. ட்ராமில் பாதி வழியில் இறங்கித் தமிழ்க் கடைக்குப் போய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எதிர்ப்பக்கத்தில் என் ட்ராம் நின்றது. சிக்னலில் சிவப்பு மனிதன். நான் ஓடினேன். புறப்பட்ட ஒரு ட்ராமின் பின்னால் புகுந்து கடந்தபோது மற்றத் தண்டவாளத்தில் வந்ததை நான் பார்க்கவில்லை. மணிச்சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு அடிக்கிற மணி என்று நினைக்கவில்லை.

ஆகவே பிழை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ட்ராமை ஓட்டிய பெண்ணுக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். நடைபாதை ஓரத்தில் குந்தியிருந்து அழுதாளாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு கார்ட் அனுப்பியிருந்தாள். நான் பதில் போடவில்லை. போட்டிருக்கலாம்.

மூன்றாம் நாள் டொக்டர் கட்டில் ஓரத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஜேர்மன் டொக்டர்கள் இருந்து பேசினால் நல்ல செய்தி இல்லை என்று எனக்கு வேலையிடத்தில் பழக்கம். காலை ‘அப்னேமன்’ செய்யவேண்டும் என்றார். அந்தச் சொல்லை இருபத்தாறு வருடமாகக் கேட்டிருக்கிறேன். என்னோடு வேலை செய்யும் பெண்கள் ஒவ்வொரு புதுவருடத்துக்கும் சொல்வார்கள், இந்த வருடம் ஐந்து கிலோ அப்னேமன் செய்யவேண்டும் என்று. உடம்பு மெலிவதற்கும் காலை எடுப்பதற்கும் ஒரே சொல் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கையெழுத்தை நானே போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குச் சனம் வந்தது. ஒரே நேரத்தில் ஒன்பது பேர் வந்து நின்றதால் தாதி ஒருநாள் கதவில் நின்று எண்ணி உள்ளே விட்டாள். இடியப்பம், சொதி, ரசம், பிளாஸ்க்கில் தேத்தண்ணீர். எல்லாரும் அழுதார்கள். அழுது முடித்த பிறகு என்ன பேசுவது என்று தெரியாமல் ஊரில் போரில் கால் இழந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள். என் கணவரின் ஒன்றுவிட்ட அண்ணர் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்துத்தான் சொல்லியிருப்பார்:

“அங்க எத்தினை பிள்ளையள் ரெண்டு காலும் இல்லாமல் இருக்குதுகள். அதுகள் ஒரு காரணத்துக்காகக் குடுத்ததுகள். நீங்கள் இதுக்குப் போய் மனசை விடாதேங்கோ.”

அவர்கள் ஒரு காரணத்துக்காக. நான் சிவப்பு விளக்கில் ஓடியதற்காக. போன கால்களுக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது என்று விளங்கியது. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

ஆறாவது கிழமை என்னை ரேஹாவுக்கு அனுப்பினார்கள். அடிபட்டவர்களைத் திரும்ப நடக்கப் பழக்கும் இடம் அது. காட்டுக்குள், ஒரு மலைச்சரிவில் இருந்தது. என் அறையில் இன்னொரு பெண், அறுபது வயதிருக்கும், லொறி ஓட்டியவள். சீனி வருத்தத்தால் கால் போனது. குறட்டை விடுவாள். என் கணவர் கொண்டுவரும் கறியின் வாசத்துக்கு யன்னலை முழுவதும் திறந்து வைப்பாள். எங்களுக்குள் பெரிய நட்பு ஒன்றும் வரவில்லை. ஆனால் தரையில் விழுந்து எழும்பும் பயிற்சியில் எங்கள் இருவரையும் சோடியாகப் போட்டார்கள். விழப் பழக்குகிறார்கள் என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. பாயில் விழுந்து, உருண்டு, நல்ல காலை மடித்து, கதிரையைப் பிடித்து எழும்பவேண்டும். அவள் விழும்போதெல்லாம் கெட்ட வார்த்தை சொல்லுவாள். நான் “முருகா” என்பேன். நான்காம் நாள் அவள் “முருகா” என்று விழுந்தாள். அவள் சொன்னதை நான் சொல்லவில்லை, ஆனால் மனதுக்குள் சொன்னேன்.

முதல் நாளே பயிற்சிக்காரி ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டாள், உங்கள் இலக்கு என்ன? எல்லாரிடமும் கேட்பார்களாம். லொறிக்காரி நாயோடு நடக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாள். நான் சொன்னேன், கோயிலுக்கு நடந்து போய் இருநூறு பேருக்குச் சமைக்கவேண்டும். பயிற்சிக்காரி எழுதுவதை நிறுத்தி, பானை எவ்வளவு பெரியது என்று கேட்டாள். கையை விரித்துக் காட்டினேன். அடுத்த கிழமை அவள் ஒரு பீப்பாவில் மணலை நிரப்பி, அதற்குள் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பு ஒன்றை நட்டு வைத்திருந்தாள். அகப்பை பிடிப்பதுபோல அதைப் பிடித்து, பொய்க்காலில் பாரத்தைக் கொடுத்து, மணலைக் கிண்டினேன். பிறகு தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஏழு கிழமை. என் வாழ்க்கையில் வேறு எதற்கும் நான் இவ்வளவு பாடுபட்டதில்லை. ஜேர்மன் படித்தபோதும் இல்லை, பிள்ளை பெற்றபோதும் இல்லை.

பொய்க்கால் செய்பவர் அதிகம் பேசாத ஒரு மனிதர். எந்தச் சப்பாத்து அதிகம் போடுவீர்கள் என்று கேட்டார். வேலைக்குப் போடும் சப்பாத்தைக் கொடுத்தேன். அதன் குதியை அளந்தார். இந்தப் பாதம் இந்தக் குதியின் உயரத்துக்குத்தான் பொருத்தப்படும் என்றார். சப்பாத்தைக் கழற்றினால் குதி கீழே இறங்கும், உடம்பு பின்னால் சாயும், விழுவீர்கள். வீட்டுக்குள்ளும் சப்பாத்தோடுதான் நடக்கவேண்டும். சரி என்றேன். அப்போது என் மனதில் வந்தது வீட்டுக் கம்பளம் அழுக்காகுமே என்பதுதான். கோயில் நினைவுக்கு வரவில்லை. கோயிலுக்காகவே நடக்கப் பழகிய எனக்கு, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும் என்பது நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்கு வந்தேன். இரண்டாம் மாடி, லிப்ட் இல்லை. முதல் நாள் என் கணவர் என்னைத் தூக்கிக்கொண்டு ஏறப் பார்த்தார். கீழ் வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். “விடுங்கோ, நான் ஏறுவன்” என்று சொல்லி, கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சமைத்தார், உடுப்புத் தோய்த்தார், டொக்டரிடம் டெர்மின் இருந்த நாட்களில் கூட்டிக்கொண்டு போனார். ஆனால் கல்யாணம், சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று வந்தால் தனியாகப் போகத் தொடங்கினார்.

“உனக்கு ஏன் கரைச்சல்? மண்டபம் தூரம். நான் தலையைக் காட்டிப் போட்டு வாறன்.”

“எனக்குக் கரைச்சல் இல்லை.”

“சனம் ஒவ்வொண்டு கேக்கும். பேந்து நீதான் வந்து அழுவாய்.”

நான் அழுததில்லை. அவர் அழுதிருக்கிறார், குளியலறையில், தண்ணீரைத் திறந்துவிட்டு. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பங்குனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். புதுச் சேலை. அதன் கீழே சப்பாத்து. சேலைக்குக் கீழே சப்பாத்து நன்றாக இருக்காது என்று மகள் சொல்லவில்லை, ஆனால் கொசுவத்தை இரண்டு முறை இறக்கிக் கட்டிவிட்டாள். என் கணவர் கூட வர, கார்த் தரிப்பிடத்திலிருந்து வாசல் வரை கைத்தடி இல்லாமல் நடந்தேன். வாசலில் நின்ற பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்கள். என் சினேகிதி அடுப்படியிலிருந்து கை ஈரத்தோடு வந்தாள். என் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அந்த ஐந்து நிமிடத்துக்காக இப்போதும் அவளை முழுக்க வெறுக்க முடியவில்லை.

பிறகு அவள் குனிந்து பார்த்தாள்.

“அக்கா, சப்பாத்து.”

“இதைக் கழட்டேலாது பிள்ளை. கழட்டினால் விழுந்திடுவன்.”

“ஒருக்காக் கழட்டிப் போட்டு வாங்கோ. நான் பிடிக்கிறன்.”

சுற்றிவர நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். கழற்றினேன். அவள் வலக்கையைப் பிடித்தாள். இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடியில், பொய்க்கால் செய்பவர் சொன்னது போலவே, உடம்பு பின்னால் போனது. பயிற்சியில் பழகிய எதுவும் வரவில்லை. மாபிளில் மல்லாக்க விழுந்தேன். சேலை முழங்காலுக்கு மேலே ஏறி, பொய்க்காலின் இரும்புக் குழாயும் மிச்சக் கால் செருகியிருக்கும் பிளாஸ்ரிக் கிண்ணமும் எல்லாருக்கும் தெரிந்தன. ஒரு சின்னப்பிள்ளை வீரிட்டுக் கத்தியது. தலைவர் உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

“சில்லுக்கதிரையைக் கொண்டு வாங்கோ!”

வயதானவர்களுக்காகக் கோயிலில் ஒரு சில்லுக்கதிரை வைத்திருந்தார்கள். அதை வெளி வராந்தாவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து, சில்லை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்து, என்னைத் தூக்கி இருத்தினார்கள். மூலஸ்தானத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார்கள். யார் தள்ளினார்கள் என்று எனக்குத் தெரியாது. தள்ளுகிறவரின் முகம் தெரியாது என்பதை அன்றுதான் கண்டேன். ஐயர் குனிந்து என் நெற்றியில் தானே திருநீற்றைப் பூசிவிட்டார். என் கைக்கு என்ன நடந்தது?

சாப்பாட்டு நேரம் ஒரு பெண் தட்டோடு வந்தாள். என் தலைக்கு மேலால் என் கணவரைக் கேட்டாள்:

“அண்ணை, அக்காவுக்கு உறைப்புக் குடுக்கலாமோ?”

பதினான்கு வருடம் அவளுக்கு உறைப்புப் போட்டவள் நான். என் கணவர் யோசித்துவிட்டுச் சொன்னார், “கொஞ்சமாப் போடுங்கோ.”

அந்தக் கதிரையில் இருந்தபோது எனக்கு ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் கோயிலில் சேர்த்த நன்கொடையோடு நாங்கள் நான்கு பேர் ஊருக்குப் போனோம். கால் இழந்த பெண்கள் தங்கியிருந்த ஒரு இல்லத்துக்குச் சில்லுக்கதிரைகள் கொடுத்தோம். ஒரு பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், “அக்கா, எங்களிட்ட இருக்கிற பொய்க்கால் புண்ணாக்குது. நல்ல கால் எடுத்துத் தர ஏலாதோ?” நான் அவளின் கன்னத்தைத் தடவி, அடுத்த முறை பார்ப்போம் என்று சொன்னேன். கதிரை படத்துக்கு நன்றாக வரும். வரிசையாக நிறுத்தி, ரிப்பன் கட்டி, படம் எடுத்தோம். அடுத்த முறை என்று ஒன்று நடக்கவில்லை. அவளின் பெயரை நான் கேட்கவுமில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் சில்லுக்கதிரையிலேயே போனேன். அடுப்படிக்குள் கதிரை திரும்பாது. வாசலில் இருந்து பார்ப்பேன். “அக்கா, நீங்கள் இருந்து சொல்லுங்கோ, நாங்கள் செய்யிறம்” என்றாள் சினேகிதி. நான் சொன்னேன், அவர்கள் செய்யவில்லை. பிறகு போஞ்சி வெட்டத் தந்தார்கள். பிறகு அதுவும் இல்லை, “உங்களுக்கு ஏன் அலுப்பு” என்று வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு வாசலில் சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு இடம் அமைந்தது. ஆரம்பத்தில் ஒருத்தி தன் கைப்பையை வைத்திருக்கச் சொன்னாள். கொஞ்சநாளில் எல்லாரும் தந்தார்கள். ஜாக்கெட், குடை, கார்த் திறப்பு, நித்திரையான பிள்ளை. நானும் வைத்திருந்தேன். இரண்டு கால் உள்ளவர்கள் எல்லாரும் உள்ளே நடந்து போக, நடக்கத் தெரிந்த நான் வாசலில் இருந்தேன்.

பொய்க்கால் செய்பவரிடம் திரும்பப் போனேன். ரப்பரில் ஒரு ஆப்பு வெட்டிக் குதிக்குக் கீழே ஒட்டித் தந்தார். மாபிளில் அது வழுக்கியது. குதியின் உயரத்தை ஒரு பொத்தானை அழுத்தி மாற்றக்கூடிய பாதம் இருக்கிறது என்றார். சப்பாத்தோடும் நிற்கும், வெறும் காலாகவும் நிற்கும். ஆனால் கிராங்கன்காஸ சம்மதிக்கவேண்டும். எங்கள் மருத்துவக் காப்புறுதி அதுதான். மகள் விண்ணப்பம் எழுதினாள், இங்கே அதை அன்ட்ராக் என்பார்கள். ஒரு மாதத்தில் பதில் வந்தது. நடப்பது அடிப்படைத் தேவை, அதற்குக் கால் தரப்பட்டிருக்கிறது. வெறுங்காலோடு நடப்பது அடிப்படைத் தேவை என்று காட்டப்படவில்லை. மகள் மறுப்புக் கடிதம் போட்டாள். பல்வைத்தியரிடம் வேலை பழகும் பிள்ளை, மத்தியான இடைவேளையில் இருந்து எழுதினாள். காப்புறுதி அலுவலகத்திலிருந்த ஒரு பெண் நல்ல விதமாக ரெலிபோனில் சொன்னாள்: உங்கள் ஆலயம் சப்பாத்தோடு உள்ளே விடாது என்று அவர்களிடம் ஒரு கடிதம் வாங்கி அனுப்புங்கள், அதை வைத்து நான் பேசிப் பார்க்கிறேன்.

ஒரு வரிக் கடிதம். நான் சந்தோஷப்பட்டேன்.

ஞாயிறு பின்னேரம் நிர்வாகசபை கூடும் அறைக்கு மகளோடு போனேன். அது கோயிலுக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்தில். சப்பாத்தோடு போகலாம். தலைவரும் இன்னும் இரண்டு பேரும் இருந்தார்கள். சினேகிதி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள்.

தலைவர் கேட்டார், “தங்கச்சி, உங்களைக் கோயிலுக்கு வரவேண்டாம் எண்டு ஆரும் சொன்னதோ?”

“இல்லை அண்ணை. சப்பாத்தோட வரக்கூடாது எண்டு சொன்னனியள்.”

“அது எல்லாருக்கும் உள்ள சட்டம்.”

“ஓம். அந்தச் சட்டத்தை ஒரு வரியில எழுதித் தாங்கோ. அது காணும்.”

பக்கத்தில் இருந்தவர், “எழுதிக் குடுக்கலாந்தானே” என்றார். தலைவர் அவரைப் பார்த்த பார்வையில் அவர் தேத்தண்ணீரை எடுத்துக்கொண்டார்.

“எழுதினால் அந்தக் கடிதம் ஆரின்ர கையில போகும் எண்டு தெரியுமோ? ஊனமான பொம்பிளையைத் தமிழ்க் கோயிலுக்குள்ள விடேல்லை எண்டு நாளைக்குப் பேப்பரில போடுவினம். நகரசபையில இப்ப மண்டபம் கட்ட அன்ட்ராக் போட்டிருக்கிறம். தேருக்கு ரோட்டு மறிக்க அனுமதி கேட்டிருக்கிறம். கொஞ்சம் யோசியுங்கோ.”

மகள் சொன்னாள், “அப்ப அம்மாவைச் சப்பாத்தோட விடுங்கோ.”

“அது ஏலாது பிள்ளை.”

“அப்ப எழுதித் தாங்கோ.”

“அதுவும் ஏலாது.”

நான் கேட்டேன், “அண்ணை, அந்தச் சில்லுக்கதிரை வெளியிலயும் உருளுதுதானே?”

“அதைத் துடைக்கிறம்.”

“நானும் துடைக்கிறன். புதுச் சப்பாத்து ஒண்டு வாங்கி உங்கட கையிலயே தாறன். உள்ளுக்கு மட்டும் போடுறன். வெளி மண்ணில ஒரு அடியும் வைக்கமாட்டன்.”

“சப்பாத்து சப்பாத்துத்தான் தங்கச்சி. உங்களுக்கு விட்டால் நாளைக்கு ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு நோயைச் சொல்லிக்கொண்டு வருவினம். சில்லுக்கதிரை இருக்கு. நாங்கள் ஒருநாளும் மறுக்கேல்லை. அதுல வாறதுக்கு உங்களுக்கு என்ன வெக்கம்?”

நான் சுவரோரம் பார்த்தேன். பதினான்கு வருடம் ஒரே அடுப்பின் புகையைக் குடித்தவள். ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று நினைத்தேன். அவள் குடித்து முடிக்காத கோப்பைகளை எடுத்து அடுக்கினாள்.

காரில் மகள் கையால் ஸ்டியரிங்கைக் குத்தினாள். ஜேர்மனில் ஏதோ சொல்லிவிட்டு, “இதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது அம்மா?” என்று கேட்டாள்.

இரண்டு நாள் கழித்துச் சினேகிதி ரெலிபோன் எடுத்தாள். தலைவர் வேலைக்குப் போன நேரம் பார்த்துத்தான் எடுத்திருப்பாள்.

“அக்கா, இதைப் பெரிசாக்காதேங்கோ.”

“நான் கேட்டது ஒரு வரி.”

“எனக்கு விளங்குது. ஆனா...” அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. “நான் சொல்லுறதைப் பிழையா எடுக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் விழுந்த பிறகு சனம் ஒரு மாதிரிக் கதைக்குது. நல்ல காரியத்துக்கு அர்ச்சனை செய்ய வாற பொம்பிளையள், வாசலிலயே உங்களைப் பாக்க ஒரு மாதிரி இருக்கு எண்டினம். சமைக்கிற இடத்தில வேண்டாம் எண்டும் சிலபேர் சொல்லினம். நான் சொல்லேல்லை அக்கா. சனம் சொல்லுது.”

“நீர் என்ன சொன்னனீர்?”

“நான் என்ன சொல்ல? நானும் அங்கதானே இருக்கவேணும்.”

நான் ரெலிபோனை வைத்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ பதில் யோசித்திருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது, பஸ்சில், காலைக் கழற்றித் துணியால் துடைக்கும்போது. நல்ல நல்ல பதில்கள்.

கோயில் கடிதம் இல்லாமல் மகள் போட்ட மறுப்பும் தள்ளுபடியானது. வழக்குப் போடலாம் என்று மகள் சொன்னாள். என் கணவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பினார். “கோயிலோடயும் கோர்ட்டோடயும் என்னால ஏலாது. எனக்கு இந்த ஊரில முகம் வேணும்.” நான் வழக்குப் போடவில்லை. அவருக்காக இல்லை. களைத்துப் போனேன்.

முதியோர் இல்லம் என்னைத் திரும்ப எடுத்தது. முதலில் நாளுக்கு இரண்டு மணித்தியாலம், பிறகு நான்கு, பிறகு ஆறு. இங்கே நோய்க்குப் பிறகு அப்படித்தான் படிப்படியாக வேலைக்கு விடுவார்கள். அங்கே சமையலறைக்குள் வெறுங்காலோடு யாரும் போகமுடியாது, சப்பாத்துப் போடாவிட்டால்தான் பேசுவார்கள். மேலாளர் முதல் நாள் பூங்கொத்துத் தந்தார். ஊனமுற்றவர்களை இத்தனை பேர் வேலைக்கு வைத்திருக்கவேண்டும் என்று அரசாங்கச் சட்டம் இருக்கிறது, இனி நீங்களும் அந்தக் கணக்கில் வருவீர்கள், எங்களுக்கும் நல்லதுதான் என்று சிரித்தபடி சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்களுக்கு மனதில் இருப்பது வாயில் வந்துவிடும். எங்கள் ஆட்கள் அதைச் சனம் சொல்லுது என்பார்கள். இரண்டில் எது நல்லது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் உருளைக்கிழங்கு சூப் பெரிய பானையில்தான் கொதிக்கிறது, அதை நான்தான் கிண்டுகிறேன்.

ஆடியில் தேர் வந்தது. நான் போகமாட்டேன் என்றுதான் இருந்தேன். காலையில் மகள் வந்து கட்டிலில் இருந்தாள்.

“அம்மா, தேர் ரோட்டிலதானே ஓடுது?”

“ஓம்.”

“ரோட்டு நகரசபையின்ர.”

நான் எழும்பிச் சேலை கட்டினேன். இந்த முறை கொசுவத்தைக் கணுக்காலுக்கு மேலேயே கட்டச் சொன்னேன்.

நல்ல வெயில். தார் ரோடு கொதித்தது. தேருக்கு முன்னால் ஒரு வண்டியிலிருந்து தண்ணீர் தெளித்துக்கொண்டு போனார்கள். அது விழுந்த இடம் இரண்டு நிமிடத்தில் காய்ந்தது. சனம் வெறுங்காலோடு துள்ளித் துள்ளி நடந்தது. வெள்ளைக்கோடு போட்ட இடமாகத் தேடி மிதித்தார்கள். நான் சப்பாத்தோடு நடுரோட்டில் நடந்தேன். தேருக்குப் பின்னால், வடத்துக்கு எட்டாத தூரத்தில், முழுச் சுற்றும். பெண்கள் பார்த்தார்கள், பிறகு தேரைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் வந்து, “அக்கா குடுத்து வைச்சவ, ஒரு காலாவது சுடாது” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே பிறகுதான் கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். தலைவர் ஒலிவாங்கியோடு என்னைத் தாண்டிப் போனார். முகத்துக்கு நேரே பார்த்தார். பக்கத்தில் மோட்டார்சைக்கிளில் பொலிஸ்காரர் நின்றதால் சிரித்தார்.

மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் சாமியைக் கும்பிட்டது கனகாலத்துக்குப் பிறகு அன்றுதான். என்ன கேட்டேன் என்று சொல்லமாட்டேன். நல்லதாக ஒன்றும் கேட்கவில்லை.

தேர் வாசலுக்கு வந்தது. எல்லாரும் அதோடு உள்ளே போனார்கள். என் கணவரும் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நானும் மகளும் கார்த் தரிப்பிடத்தில் நின்றோம். வெட்டிய காலின் தண்டு புண்ணாகி எரிந்தது, பொய்க்காலின் கிண்ணத்துக்குள் வியர்வை நின்றது. கொஞ்சநேரத்தில் சினேகிதி ஒரு பிளாஸ்ரிக் பையோடு வெளியே வந்தாள். செருப்புப் போட மறந்து வந்திருந்தாள். கால் சுட, ஒரு காலை மாற்றி மற்றக் காலை வைத்துக்கொண்டு நின்றாள்.

“அக்கா, சாப்பாடு. சுடச்சுட இருக்கு.”

வாங்கமாட்டேன் என்றுதான் நினைத்தேன். கை வாங்கிவிட்டது. அவள் இன்னும் ஏதோ சொல்ல நின்றாள். நான் அவளை நிழலுக்கு வரச் சொல்லவில்லை. அவள் திரும்பி ஓடினாள்.

காருக்குள் இருந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறந்து சாப்பிட்டோம். சோறும் சாம்பாரும் கத்தரிக்காயும். மகள் ஒரு வாய் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“எப்பிடி அம்மா?”

“உப்புக் காணாது” என்றேன்.

உண்மையிலேயே காணாது. இருநூறு பேரும் உள்ளே இருந்து அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குள்ளே ஒரு சின்னச் சந்தோஷம் எழும்பியது. அது நல்ல சந்தோஷம் இல்லை. இருந்தாலும் அதை நான் தள்ளிவிடவில்லை, சாப்பாட்டையும் மிச்சம் விடவில்லை.